நேர்ந்துவிட்ட கத்தரிக்காய்

புழு கடித்த செடி, பட்ட பாட்டைத் தன் விதையிடமும் சொல்லி அனுப்பும் என்று எங்கோ படித்தேன். அம்மாச் செடியைப் புழு தின்றிருந்தால், பிள்ளைச் செடி முளைக்கும்போதே கொஞ்சம் உஷாராகி, தின்ன வருகிறவன் வாயைக் கசக்க வைக்குமாம். தக்காளியில் பார்த்திருக்கிறார்கள். கத்தரி தக்காளிக்குப் பங்காளிதானே என்று நானாக முடிவுகட்டினேன். என் அப்பாவிடமிருந்து எனக்கு வந்தது வழுக்கை மட்டும்தான். அதனாலோ என்னவோ, பரம்பரைச் சொத்து என்றாலே எனக்குக் கொஞ்சம் பொறாமை.

கோட்டையூர் வீட்டு மாடியில் ஆறு கத்தரிச் செடிகள் இருந்தன. புழுக்களை எடுக்காமல் விட்டேன். அவை தின்னத் தின்ன, அடுத்த தலைமுறை தேறிக்கொண்டிருப்பதாக நோட்டில் குறித்தேன்.

"ஏங்க, புழுவ எடுத்துப் போடுவீகளா, இல்ல அதுகளுக்கு எலை போட்டுப் பரிமாறணுமா?" என்றாள் மனைவி.

ஐந்து செடிகள் செத்துப்போயின. ஆறாவதில் ஒரே ஒரு காய். என் ஆராய்ச்சிக்கு அதுதான் வாரிசு. அது பழுத்து விதை முற்றும்வரை சமையலறையிடமிருந்து காப்பாற்ற வேண்டும். அடையாளத்துக்கு, கையில் கிடைத்த மஞ்சள் துணியைக் கிழித்துக் காம்பில் கட்டினேன்.

"சாமிக்கு நேந்து முடிஞ்சிருக்கீகளா?"

மனைவியின் குரலில் அப்படி ஒரு மரியாதையைக் கல்யாணமான நாளிலிருந்து நான் கேட்டதில்லை. "ஆமா" என்று சொல்லிவிட்டேன். அதன்பின் காயை யாரும் தொடவில்லை. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

காய் நன்றாக மஞ்சளித்த ஒரு காலையில், அவளே அதைப் பறித்துத் தட்டில் வைத்திருந்தாள்.

"கெளம்புங்க, பிள்ளையார்பட்டிக்கு. நேந்தத நாள் கடத்தக் கூடாது."

தேங்காய்த் தட்டுகளுக்கு நடுவே கத்தரிக்காயோடு வரிசையில் நின்றேன். குருக்கள் அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "இவுக நேர்த்தி, சாமி" என்றாள் மனைவி. அவர் அதை உள்ளே கொண்டுபோய், விபூதியோடு திருப்பித் தந்தார். எனக்கு உயிர் வந்தது.

வீடு திரும்பியதும், விதையைக் காயவைக்கப் பழைய செய்தித்தாள் தேடிப் போனேன். அதற்குள் அடுப்படியில் தாளிக்கும் வாசனை.

"அய்யய்யோ, அத ஏன் வெட்டுன?"

"பின்ன, பிரசாதத்த அழுக விடுவாகளா? முத்தல்தான். குழம்புல கெடந்தா வெந்துரும்."

வெந்துவிட்டது, விதையோடு. ஒரு துண்டை வாயில் வைத்தவள் முகத்தைச் சுளித்தாள்.

"என்னா கசப்பு! நேந்தவுக நீங்க, மிச்சம் வைக்காமச் சாப்பிடுங்க."

என் பல்லிடுக்கில் எத்தனையோ தலைமுறைகள் நொறுங்கின. ஆனாலும், தின்ன வந்தவனை என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்துவிட்டுத்தான் போயின.