விரால் கோழையும் ஐஸ் பெட்டியும்

எம்.எஸ்சி. விலங்கியலில் என்னோடு படித்தவள் எங்கள் ஊர்க்காரி. அவள் அம்மா எங்கள் வயலில் நடவு நட்டவர். ஊரில் அவர் என்னை "வாங்க சின்னம்மா" என்பார். மயிலாடுதுறைக் கல்லூரிக்குள் அவர் மகள் "ஏய், இங்க வாடி" என்பாள். அதில் எனக்கு வருத்தமே இல்லை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பேராசிரியை எங்கள் இருவருக்கும் ஒரே ஆய்வைக் கொடுத்தார். சேற்றில் கிடக்கும் விராலுக்கு ஏன் எளிதில் சீக்கு வருவதில்லை? அதன் மேல்தோலில் வழுவழுவென்று இருக்கும் கோழையில் கிருமியைக் கொல்லும் புரதங்கள் இருக்கின்றன. அதை நாங்கள் சோதித்துக் காட்ட வேண்டும். கண்ணாடித் தட்டில் கிருமியைப் பரப்பி, கோழையில் நனைத்த சின்ன வட்டக் காகிதத்தை நடுவில் வைப்போம். கிருமி செத்திருந்தால் மறுநாள் காகிதத்தைச் சுற்றித் தெளிவாக ஒரு வளையம் தெரியும்.

லைசோசைம் என்ற புரதம் கிருமியின் சுவரை எப்படி உடைக்கிறது என்று நான் படம் போட்டே விளக்குவேன். ஆனால் என் தட்டில் வளையம் வரவில்லை. அவள் தட்டில் முதல் தடவையிலேயே வந்தது. பேராசிரியை மற்ற வகுப்புப் பிள்ளைகளையெல்லாம் கூப்பிட்டு அந்தத் தட்டைக் காட்டினார். நானும் எட்டிப் பார்த்துச் சிரித்து வைத்தேன். வயிறு எரிந்தது.

"எப்படிடி எடுக்கிற?" என்று கேட்டேன்.

"நீ அழுத்திப் பிடிக்கிற. அது துள்ளுது, செதில் பேருது, ரத்தம் கலந்துடுது. ஈரக் கையால அது கண்ணை மூடு, சும்மா கிடக்கும். அப்புறம் தலையிலேர்ந்து வால் பக்கமா வழிச்சு எடு. வாய்க்கால் வத்தினா நாங்க விரால் பிடிக்கத்தானே போவோம்."

அவள் சொன்னபடி செய்தேன். எனக்கும் வளையம் வந்தது, ஆனால் அவளுடையதில் பாதிதான். சென்னையில் நடக்கவிருந்த கருத்தரங்குக்கு அவளை அனுப்பப்போவதாகப் பேராசிரியை சொன்னார்.

அந்தத் தை மாதம் ஊரில் கூலித் தகராறு முற்றியது. அறுப்புக் கூலியை உயர்த்தாமல் வயலில் இறங்க மாட்டோம் என்றார்கள் கூலியாட்கள். ஆளுங்கட்சிக் கரை வேட்டி கட்டிய என் அப்பா, வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்கினார். மறித்து நின்ற பெண்களைப் போலீஸ் வேனில் ஏற்றிக்கொண்டு போனது. அதில் அவள் அம்மாவும் இருந்தார்.

அவள் கல்லூரிக்கு ஓடி வந்தாள். துறையின் ஃப்ரிட்ஜ் பழுதாகிக் கிடந்ததால், கருத்தரங்குச் சோதனைகளுக்காக அவள் சேகரித்த கோழைக் குப்பிகள் தெர்மகோல் பெட்டியில் ஐஸுக்குள் இருந்தன.

"தினம் ஐஸ் மாத்திடு, என்ன? நாலு நாள்ல வந்துடுவேன்."

என் அப்பாவைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. "சரி" என்றேன்.

முதல் நாள் மாற்றினேன். இரண்டாம் நாள் மீன் மார்க்கெட் வரை போனேன், ஐஸ் வாங்காமலே திரும்பினேன். மறந்துபோகவில்லை. மூன்றாம் நாள் அந்தப் பெட்டி இருந்த பக்கமே போகவில்லை.

அம்மாவை ஜாமீனில் எடுத்துவிட்டு வந்தவள் மூடியைத் திறந்தாள். அழுகல் நாற்றம் குப்பென்று அடித்தது.

"ஐஸ் கிடைக்கலையா?"

"கிடைக்கலை."

நம்பினாள். திரும்ப மீன் பிடித்துச் சோதிக்க நாள் போதவில்லை. என் அரைகுறை முடிவுகளோடு சென்னைக்கு நான் போனேன். மேடையில் ஒரு பெரியவர், "கோழையில் ரத்தம் கலக்காம எப்படி எடுத்தீங்கம்மா?" என்று கேட்டார். ஈரக் கையால் கண்ணை மூடுவதைச் சொன்னேன். "அருமை" என்றார். கை தட்டினார்கள். அவள் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. நான் ஆசைப்பட்ட கைதட்டல்தான். கேட்கக் கூசியது.

திரும்பி வந்ததும் அவளிடம் சொல்லிவிட்டேன். மீன் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஐஸ் கிடைச்சுது. நான்தான் வாங்கலை."

"வேணும்னேவா?"

"ஆமா."

"உங்கப்பன் வூட்டு வயலை மறிச்சாங்கன்னா?"

அப்படிச் சொல்லித் தப்பித்திருக்கலாம். "இல்லை. உன் தட்டுல வளையம் பெருசா வந்துச்சு. அதான்" என்றேன்.

அவள் கையிலிருந்த தேய்ப்பானைத் தொட்டிக்குள் போட்டாள். "இனிமே என் சாமானைத் தொடாதே" என்றாள். படிப்பு முடியும்வரை என்னோடு பேசவில்லை. வைகாசியில் மறுபடி விரால் பிடித்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்து முடித்தாள்.

இன்று அவள் வெளிநாட்டில் பேராசிரியை. நான் பூதலூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றுவிட்டேன். அவளுடைய முனைவர் பட்ட ஆய்வேட்டை ஒருமுறை கல்லூரி நூலகத்தில் பார்த்தேன். நன்றிப் பக்கத்தில் அவள் அம்மா முதல், தொட்டிக்குத் தண்ணீர் சுமந்த பணியாளர் வரை எல்லோர் பெயரும் இருந்தது. வெட்கமில்லாமல் என் பெயரை இரண்டு முறை தேடினேன். அந்தப் பணியாளரைப் பார்த்தும் எனக்குப் பொறாமையாக இருந்தது.