வெள்ளறடைக்குப் புறப்பட்ட ஓராள் வண்டி

பயணம் என்று சொன்னால் சிரிப்பீர்கள். மார்த்தாண்டத்தில் என் வீட்டு வாசலிலிருந்து பாறசாலை, வெள்ளறடை வழியாக நெய்யாறு அணை இருக்கும் கள்ளிக்காட்டுக்கு நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும். பேருந்தில் போனால் ஒரு தூக்கத்துக்குக் காணாது. ஆனாலும் பிப்ரவரி மாதத்தின் முதல் ஞாயிறன்று காலை 6.20-க்கு வீட்டைப் பூட்டியபோது, இமயமலைக்குப் போகிறவனைப் போல பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்த்தேன்.

காரணம் வண்டி. தார்ச் சாலையிலும் காட்டுப் பாதையிலும் ஓடுகிற இருநூறு சிசி வண்டி, கார்புரேட்டர் வைத்த பழைய வகை. முன்சக்கரம் இருபத்தொரு அங்குலம், எடை நூற்றைம்பது கிலோவுக்கு மேல். எனக்கு வயது அறுபத்திரண்டு, உயரம் ஐந்தடி நான்கு. முப்பது வருடம் டயர் ரீட்ரெடிங் கடை நடத்தியவனுக்கு வண்டி ஆசை வருவது பாவமில்லை. ஆனால் ஆசையைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. மனைவி இறந்து இரண்டு வருடம் ஆகிறது. வீட்டில் நான் பேசாவிட்டால் பேச்சே கிடையாது. வண்டியாவது சத்தம் போடுமே என்று வாங்கினேன்.

ஹைதராபாத்தில் இருக்கும் மகன் சண்டை போட்டான். கடைசியில் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தான். "ஒருக்கா விழுந்தாலும் வண்டியை விக்கணும். பேச்சு மாறப்பிடாது." நானும் சரி என்றேன். வாங்கிய பிறகு தனியாகப் போகும் முதல் தூரப் பயணம் இது.

களியக்காவிளையில் எல்லைக்கு இந்தப் பக்கம் உள்ள பெட்ரோல் பங்கில் கேரளப் பதிவெண் வண்டிகள் வரிசையாக நின்றன. கேரளத்தில் லிட்டருக்கு ஐந்தாறு ரூபாய் கூடுதல் என்பதால் அக்கரைக்காரர்கள் இங்கே வந்து நிரப்பிக்கொண்டு போவது தினசரி வழக்கம். வரிசையில் எல்லோரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் பெட்ரோல் போடும் பெண்ணிடம் "அஞ்சு லிட்டர்" என்றேன். அன்று காலை என் வாயிலிருந்து வந்த முதல் சொல் அதுதான்.

7.05. பாறசாலை ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஷிபுவின் பட்டறை. நாற்பது வயது, வாயில் எப்போதும் ஏலக்காய். இரண்டு வாரமாக வண்டியை அவன்தான் ஒப்பனை செய்துகொண்டிருந்தான். முன் பல்சக்கரத்தில் ஒரு பல் குறைத்துவிட்டான், ஏற்றத்தில் இழுவை கிடைப்பதற்கு. கைப்பிடிகளுக்குக் காப்பு, எஞ்சினுக்கு அடியில் அலுமினியத் தகடு. கார்புரேட்டரின் காற்றுத் திருகை அரைக்கால் சுற்று திருகுவான், காதைச் சாய்ப்பான், மறுபடி திருகுவான். டயரில் மட்டும் அவனைத் தொடவிடவில்லை. முன்னால் இருபது, பின்னால் இருபத்திரண்டு என்று காற்றை நானே இறக்கினேன். அந்த ஒன்றிலாவது நான் வாத்தியார்.

அன்றைய வேலை, பின் இருக்கையைக் கழற்றிவிட்டு இரும்புச் சட்டம் பொருத்துவது. பின்னால் கால் வைக்கும் கட்டைகளையும் எடுத்துவிடச் சொன்னேன். எடை குறையுமே.

"அண்ணே, இதை எடுத்தா பின்ன ஒரு ஆளை ஏத்த முடியாது, கேட்டீரா?" என்றான்.

"ஆரை ஏத்தப் போறேன்?"

அவன் ஏலக்காயை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினான். பிறகு சீட்டைப் பார்த்தான். "உயரம் கூடுதலாக்கும் உமக்கு. கால் முழுசா ஊணலை. ரெண்டு இஞ்சு தாழ்த்தித் தரட்டா? அரை மணிக்கூறு போதும்."

தாழ்த்தினால் வண்டியின் அழகு போய்விடும் என்றேன். குதிகால் தரையில் படவில்லை, விரல்கள் படுகின்றன, அது போதாதா? எனக்கு வீம்பு கொஞ்சம் அதிகம்.

8.30-க்குப் புறப்பட்டேன். ஞாயிறு காலையைத் தேர்ந்தெடுத்ததிலும் ஒரு கள்ளத்தனம் உண்டு. எங்கள் பக்கத்திலும் சரி, இந்த எல்லை ஊர்களிலும் சரி, ஒன்பதரைக்கு ஊர் பாதி கோயிலுக்குள் போய்விடும். கோயில் என்று நாங்கள் சொல்வது பழைய மிஷன் சபைகளின் கிறிஸ்தவ ஆலயத்தை. சாலை காலியாக இருக்கும், "என்ன, ஆராதனைக்குப் போகலியா?" என்று கேட்கவும் ஆள் இருக்காது. நான் போவதை நிறுத்தி ஒன்றரை வருடம் ஆகிறது. உள்ளே ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் என்பதால் என் மனைவி இல்லாதது அங்கே தெரியவில்லை. ஆராதனை முடிந்து வெளியே வந்தால் ஸ்கூட்டர் பக்கத்தில் அவள் நிற்கமாட்டாள். அதுதான் தாங்கவில்லை.

குன்னத்துக்கால் தாண்டி காரக்கோணத்தில் ஒரு கடையில் புட்டும் கடலையும், பால் விடாத ஒரு கட்டன் சாயா. அறுபது ரூபாய். எதிரில் உட்கார்ந்திருந்தவர் செய்தித்தாளை மடித்துவிட்டு என் முழங்கால் கவசத்தையும், முட்டி வரை ஏறிய புது பூட்ஸையும் பார்த்தார்.

"பந்தயமா?"

"இல்ல, சும்மா."

"ஒற்றைக்கா?"

"ஆமா."

அவர் செய்தித்தாளை மறுபடி விரித்துக்கொண்டார்.

வெள்ளறடைக்கு நல்ல தார்ச் சாலை இருக்கிறது. அதில் போக இந்த வண்டி எதற்கு? மூன்று கிலோமீட்டர் போனதும் இடப்பக்கம் ஒரு மண் பாதை ரப்பர் விளைக்குள், அதாவது தோட்டத்துக்குள், ஏறியது. திருப்பினேன். ரப்பர் இலை உதிர்க்கும் காலம் அது. மேலே மொட்டைக் கிளைகள், கீழே கணுக்கால் அளவு சருகு. வெயில் தடையில்லாமல் இறங்கி விளை முழுவதும் செம்பு நிறமாகக் கிடந்தது. இரண்டாம் கியரில், கால்கட்டையில் எழுந்து நின்று ஓட்டினேன். சருகு சரசரவென்று இரண்டு பக்கமும் விலகியது. உண்மையைச் சொல்கிறேன், அந்த ஐந்து நிமிடம் நான் சந்தோஷமாக இருந்தேன். சந்தோஷமாக இருந்ததும் யாரிடமாவது சொல்லவேண்டும் என்று தோன்றியது. பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் வண்டியை நிறுத்தி இடது காலை ஊன்றினேன்.

ஊன்றிய இடத்தில் தரை இல்லை. மழைத் தண்ணீர் தேங்குவதற்காக ரப்பர் விளைகளில் வரிசைக்கு வரிசை குழி வெட்டுவார்கள். சருகு அதை மூடித் தரைபோலக் காட்டிக்கொண்டிருந்தது. என் கால் தொடை வரை உள்ளே போக, வண்டி மெல்ல என்மேல் சாய்ந்தது. அவசரமே படவில்லை அது.

மணி 9.50. எஞ்சினை அணைத்துவிட்டேன். கைப்பிடிக் காப்பும் குழியின் விளிம்பும் எடையைத் தாங்கியதால் எலும்பு தப்பியது. ஆனால் கணுக்கால் கால்கட்டைக்குக் கீழே மாட்டிக்கொண்டது. பூட்ஸைக் கழற்றலாம் என்றால் அதன் கொக்கிகள் வெளிப்பக்கம். வெளிப்பக்கம் இப்போது மண்ணுக்குள். கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் சொட்டி மூக்கில் ஏறியது. பெட்ரோல் குழாயை மூடவும் கை எட்டவில்லை. யானைக்கும் அடி சறுக்கும் என்று சொல்லிக்கொள்ள நான் யானையும் இல்லை.

சட்டைப் பையில் போன் இருந்தது. சிக்னலும் இருந்தது. ஷிபுவைக் கூப்பிட்டேன், அடித்து ஓய்ந்தது, ஞாயிறு ஒன்பதுக்கு அவன் கடை அடைத்துவிட்டுக் கோயிலுக்குப் போய்விடுவான். பிறகு பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனேன். டயர் வியாபாரிகள், கேஸ் ஏஜென்சி, பல் டாக்டர். உறவுக்காரர்கள் எல்லோரும் அவள் போனுக்குத்தான் பேசுவார்கள். அவள் போய்ச் சேர்ந்தபின் அந்த எண்கள் என் போனுக்கு வரவேயில்லை என்பதை, ஒரு காலைக் குழிக்குள் வைத்துக்கொண்டு, அப்போதுதான் கவனித்தேன். மகன் எண் முதல் வரியில் இருந்தது. அதை அழுத்தினால் வண்டி போச்சு. போனைப் பைக்குள் போட்டேன்.

கத்தினேன். ரப்பர் பால் வெட்ட ஆள் வராத காலம், ஞாயிற்றுக்கிழமை வேறு. விளையில் ஒரு குருவிகூட இல்லை. அப்போது சரிவுக்குக் கீழே எங்கோ ஒலிபெருக்கியில் கீர்த்தனை கேட்டது. பாட்டு தமிழ், அதற்குப் பின் வந்த ஜெபம் மலையாளம். நிம்மதியாயிற்று. ஆராதனை முறை எனக்கு மனப்பாடம். பாவ அறிக்கை, சங்கீதம், இரண்டு வேதபாடம், அறிவிப்பு, காணிக்கை, பிரசங்கம். பதினொன்றரைக்கு ஆசீர்வாதம் சொல்வார்கள். இந்தப் பாதை வழியாக நாலு பேராவது வீட்டுக்குப் போவார்கள். அதுவரை கிடக்கவேண்டியதுதான்.

கிடந்தேன். நடுவில் போதகர் பொது ஜெபத்தில் நோயாளிகளுக்காகவும், விதவைகளுக்காகவும், பிரயாணம் செய்கிறவர்களுக்காகவும் வேண்டினார். சபை முழுவதும் சேர்ந்து மறுமொழி சொன்னது. அவர்களுக்கு அறுநூறு மீட்டர் தூரத்தில் ஒரு பிரயாணி மல்லாந்து கிடப்பது தெரியாது. எனக்கு அழுகை வந்தது. பெட்ரோல் நெடி என்று சமாதானம் சொல்ல பக்கத்தில் ஆளில்லாததால் அழுதே முடித்தேன்.

பதினொன்றரைக்கு ஆசீர்வாதம் முடிந்தது. தொண்டை கிழியக் கத்தினேன். யாரும் வரவில்லை. ஒலிபெருக்கி நிற்கவும் இல்லை. "ஒரு குலை ஏத்தங்காய், நூற்றைம்பது..." என்றது. தலையில் அடித்துக்கொண்டேன். மாதத்தின் முதல் ஞாயிறு! விளைச்சலில் முதல் பங்கைக் கோயிலுக்குக் கொண்டுவந்து வைப்பார்கள், ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் ஏலம் போகும். ஏத்த வாழைக்காய்க்குப் பின் மரச்சீனிக் கிழங்கு, பிறகு பலாச்சக்கை, கடைசியாக ஒரு சேவல். சேவலுக்கு இரண்டு பேர் மோதிக்கொண்டார்கள். எழுநூறு, எழுநூற்று ஐம்பது, எண்ணூறு. "எவனாவது ஒருத்தன் விட்டுக்கொடுங்கலே!" என்று விளைக்குள்ளிருந்து நான் கத்தினேன். ஆயிரத்து ஐம்பதில் அடங்கியது.

12.15. சருகில் காலடிச் சத்தமும் ஒரு பெண் குரலும் ஏறி வந்தன.

"சந்தையில நானூறு ரூவாய்க்குக் கிட்டிய சேவலாக்கும் இது. ஆயிரத்து அம்பதா? உமக்கு வெளிவும் புத்தியும் உண்டா?"

"கர்த்தருக்குக் குடுத்த பைசாடி அது."

"கர்த்தருக்கா குடுத்தீரு? எதிர்த்துக் கேட்டவரைத் தோக்கடிக்கக் குடுத்தீரு."

"இஞ்ச, இந்தக் குழியில!" என்றேன். தொண்டையில் பாதிச் சத்தம்தான் மிச்சம்.

"அய்யோ, ஒரு ஆளு கெடக்காரே! ஓடி வாரும்!"

ஐம்பது தாண்டிய தம்பதி. அவர் பெயர் சத்தியநேசன், அவள் லில்லிபாய் என்று பிறகு தெரிந்தது. சத்தியநேசன் சேவலை மனைவி கையில் கொடுத்துவிட்டு வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டினார். வண்டியைத் தூக்க முடியவில்லை. அவள் சேவலை ஒரு ரப்பர் மரத்தில் கட்டிவிட்டு வந்து மறுபக்கம் பிடித்தாள். வண்டி எழுந்தது. என் கால் வெளியே வந்தது. கணுக்கால் பப்பாளிக்காய்போல வீங்கியிருந்தது.

"எப்பம் விழுந்தீரு?"

"பத்துக்கு முன்ன."

"ரெண்டு மணிக்கூறுக்கு மேல ஒற்றைக்கா கெடந்தீரு?" லில்லிபாய் வாயில் கை வைத்தாள். "கூட ஆரும் வரலியா?"

சத்தியநேசனுக்கு வண்டி ஓட்டத் தெரியும். கால் கிலோமீட்டரில் வீடு, கொண்டுபோய் விடுகிறேன் என்று ஏறி உட்கார்ந்தார். "பின்னால கேறும், பைய." திரும்பிப் பார்த்தவர் முகம் மாறியது. "இதுல சீட்டு எங்க? கால் வைக்கியதுக்கும் ஒண்ணும் இல்ல. பின்ன இது என்ன வண்டி?"

காலையில் நானே பக்கத்தில் நின்று கழற்றவைத்தது.

கடைசியில் இரும்புச் சட்டத்தில் சேவலைக் கட்டினார்கள். என் வண்டியில் சேவல் ஏறிப்போக, நான் லில்லிபாயின் குடையை ஊன்றி நொண்டிக்கொண்டு பின்னால் நடந்தேன். அவள் வழியெல்லாம் சேவலின் விலையைப் பற்றியே பேசினாள். கேட்டுக்கொண்டு நடப்பது இதமாக இருந்தது.

அவர்கள் வீட்டில் சுடுவெள்ளத்தில் உப்புப் போட்டுக் காலை வைத்தேன். மரச்சீனியும் சாளை மீன் குழம்பும் தந்தார்கள். சாப்பிடும்போதும் இருவரும் ஓயவில்லை. இடையில் லில்லிபாய் கேட்டாள்: "வீட்டுல ஆரு உண்டு? போன்ல விளிச்சுச் சொல்லாண்டாமா?"

"மகன் உண்டு," என்றேன். ஹைதராபாத்தில் என்று சொல்லவில்லை.

மூன்று மணிக்கு ஆட்டோ வந்தது. மார்த்தாண்டம் வரை எண்ணூறு ரூபாய். வண்டி அவர்கள் முற்றத்தில் நிற்கட்டும், கால் சரியானதும் எடுத்துக்கொள்ளலாம் என்றார் சத்தியநேசன். "வரும்போ நேரே வாரும். விளை வழி வேண்டாம் கேட்டீரா," என்று லில்லிபாய் வாசல் வரை வந்து சொன்னாள். வெள்ளறடையும் அணையும் பார்க்காமலே ஆட்டோ இறக்கத்தில் திரும்பியது. அந்த வீட்டில் மறுபடி சண்டை தொடங்கியது எனக்குக் கேட்டது. இரண்டு பேர் இருக்கும் வீட்டில் ஆயிரத்து ஐம்பது ரூபாய்ச் சேவல் ஒரு வாரத்துக்காவது பேச்சுக்கு ஆகும். என் வீட்டுப் பூட்டைத் திறந்தபோது காலையில் நான் குடித்துவைத்த டம்ளர் அதே இடத்தில் இருந்தது.

ஞாயிறுதோறும் ராத்திரி ஏழு மணிக்கு மகன் பேசுவான். பொய்யைத் தயாராக வைத்திருந்தேன். அணை வரை போனேன், தண்ணீர் குறைவு, வண்டி பஞ்சு மாதிரி ஓடியது. ஆட்டோவில் வரும்போது இரண்டு தடவை சொல்லியும் பார்த்துவிட்டேன். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்காவது தாங்குமே.

போன் வந்தது. கேஸ் வந்ததா என்றான். மாத்திரை தீர்ந்ததா என்றான். ஞாயிறன்றும் ஆபீசில் ஏதோ வேலை, அவசரம். "சரிப்பா, வைக்கட்டா?"

இன்று நான் எங்கே போகிறேன் என்று போன வாரமே சொல்லியிருந்தேன். அவன் கேட்கவில்லை. மறந்துவிட்டான். பொய் சொல்லும் வேலைகூட இல்லை, "சரி மக்கா" என்றால் வண்டி எனக்கு.

"எலே," என்றேன். "நான் விழுந்துட்டேன்."

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் ஒலி கேட்டது. கதவு சாத்தும் ஒலி கேட்டது.

"எங்க வச்சு? அடி உண்டா? ஆரு தூக்கினா?"

சொன்னேன். குழியிலிருந்து தொடங்கி ஏலம், சேவல், குடை வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். சேவலைக் கட்டிக்கொண்டு வண்டி போன இடத்தில் அவன் சிரித்துவிட்டான். அவன் அம்மாவின் சிரிப்பு அது. முக்கால் மணி நேரம் பேசினோம். வண்டியை விற்றுத்தான் ஆகவேண்டும், பேச்சு பேச்சுதான் என்றான். அந்த விவரத்தை நாளைக்கு ராத்திரி கூப்பிட்டுப் பேசுகிறேன் என்றான். நாளை திங்கட்கிழமை. திங்கட்கிழமை அவன் என்னைக் கூப்பிட்டதே கிடையாது.