கேட் இல்லாத பல்கலைக்கழகம்

நாற்பத்து மூன்று வயதில், இரும்பைப் பற்றி மேற்கொண்டு படிக்க ஜெர்மனி வந்து சேர்ந்த நான், வந்த நான்காம் நாள் என் பாஸ்போர்ட்டை லிஃப்ட் ரிப்பேர் செய்ய வந்த ஒரு மனிதரிடம் நானே வலியப் போய்க் கொடுத்தேன். அவர் கேட்கவில்லை, மிரட்டவில்லை. கொடுத்துவிட்டு ‘குட் மார்னிங் சார்’ என்றும் சொன்னேன்.

கும்மிடிப்பூண்டிக்காரர்கள் என்னை உடனே மன்னித்துவிடுவார்கள். மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். அங்கே தொழிற்பேட்டையில் ஒரு ரோலிங் மில்லின் லேபில் பதினெட்டு வருடம் வேலை பார்த்தவன் நான். உள்ளே போக வேண்டுமானால் கேட்டில் பையைத் திறக்க வேண்டும், சாப்பாட்டு டப்பாவைத் திறக்க வேண்டும், நோட்டில் பெயரும் நேரமும் எழுத வேண்டும். பக்கத்துக் கம்பெனிக்கு சாம்பிள் எடுத்துப் போனால் லைசென்ஸோ ரேஷன் கார்டோ ஏதாவது ஒன்றை வாச்மேனிடம் ஒப்படைத்துவிட்டு, திரும்பும்போது வாங்கிக்கொள்ள வேண்டும். கையில் ஒன்றும் இல்லாமல் போன எங்கள் சூப்பர்வைசர் ஒருமுறை தன் கல்யாணப் பத்திரிகையைக் கொடுத்து உள்ளே போனார். திரும்பும்போது மறக்காமல் கேட்டு வாங்கியும் வந்தார்.

இந்தப் பல்கலைக்கழகத்துக்குக் கேட் கிடையாது, சுற்றுச்சுவரும் கிடையாது. ஊர்ச் சாலை நடந்துகொண்டே வந்து எங்கேயோ பல்கலைக்கழகமாகிவிடுகிறது. கண்ணாடிக் கதவு ஆளைக் கண்டதும் தானாகத் திறக்கிறது. முதல் மூன்று நாளும், ‘யாருப்பா, இன்னா வேணும்?’ என்று யாராவது கேட்பார்கள் என்று அதன் முன்னால் நின்றேன். கதவுதான் பொறுமையாகத் திறந்து திறந்து மூடிக்கொண்டது. சுதந்திரத்தைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். அது இப்படிக் கேட்பாரற்றுக் கிடக்கும் என்று எந்தப் புத்தகத்திலும் போடவில்லை.

நான்காம் நாள் அந்த வாசலுக்கு உள்ளே ஒரு மேஜை, மேஜைக்குப் பின்னால் நீலச் சட்டை, இடுப்பில் சாவிக்கொத்து, கையில் நோட்டு. எனக்கு உயிர் வந்தது. பாஸ்போர்ட்டையும் அட்மிஷன் கடிதத்தையும் அவர் முன் வைத்தேன். அவர் ஏதோ ஜெர்மனில் கேட்டார். ‘உள்ளே போகலாம்’ என்பதாக எடுத்துக்கொண்டு, தலையாட்டிவிட்டு, ஊரைவிட்டு வந்த நாளிலிருந்து இல்லாத நிம்மதியோடு நூலகத்துக்குப் போனேன். இரண்டு மணி நேரம் கழித்து வந்தால் மேஜை இருந்தது. ஆள் இல்லை.

மறுநாள் பகல் பன்னிரண்டுக்குள் பாஸ்போர்ட்டைக் காட்டிப் பதிவு செய்தாக வேண்டும். இல்லாவிட்டால் என் இடம் வேறொருவருக்குப் போய்விடும், உதவித்தொகையும் அதோடு போகும். மில் வேலையை விட்டுவிட்டு வந்தவனுக்குத் திரும்பிப் போக வீடு உண்டு, வேலை கிடையாது. அலுவலகத்துக்கு ஓடினேன். அங்கிருந்த அம்மாள் ஆங்கிலத்தில் விசாரித்தார்.

“திருடிவிட்டாரா?”

“இல்லை, நான்தான் கொடுத்தேன்.”

“அவர் கேட்டாரா?”

“இல்லை.”

“பிறகு ஏன் கொடுத்தீர்கள்?”

பதினெட்டு வருடத்தில் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. யோசித்துப் பார்த்து, “மரியாதைக்காக” என்றேன். அவர் அதையும் எழுதிக்கொண்டார். நீலச் சட்டை, சாவிக்கொத்து என்று நான் சொன்ன அடையாளத்தை வைத்து, அது லிஃப்ட் கம்பெனி ஆள் என்று கண்டுபிடித்தவரும் அவர்தான். கம்பெனிக்குப் போன் போட்டார். ஆள் வெளியூரில் வேலையாகப் போயிருக்கிறார், காலையில் சொல்கிறோம் என்றார்கள். அன்று மாலை முழுவதும் நான் மனசுக்குள் இரண்டு பெட்டியோடு கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் இறங்கிக்கொண்டே இருந்தேன். எதிரே வருகிற ஒவ்வொருவரும், “இன்னா நைனா, அதுக்குள்ள பட்ச்சி முட்ச்சிட்டியா?” என்று கேட்டார்கள்.

மறுநாள் பதினொன்றேகாலுக்கு அவரே வந்தார். பாஸ்போர்ட் ஒரு உறைக்குள் பத்திரமாக இருந்தது. முந்தின நாள் லிஃப்டில் யாரோ மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். மாட்டிக்கொண்ட அந்த ஆள் நான்தான், சாட்சி சொல்ல வந்திருக்கிறேன் என்று நினைத்து, என் பெயர், அப்பா பெயர், பிறந்த ஊர் பொன்னேரி எல்லாவற்றையும் எழுத்துக்கூட்டித் தன் ரிப்போர்ட்டில் ஏற்றியிருக்கிறார். அப்புறம் காகிதங்களோடு காகிதமாக பாஸ்போர்ட்டும் பைக்குள் போய்விட்டது. அந்த அம்மாள் மொழிபெயர்க்க, அவர் என்னிடம் வருத்தம் தெரிவித்தார். நானும் தெரிவித்தேன். யாருடைய வருத்தம் பெரியது என்று சிறிது நேரம் இழுபறி நடந்தது.

பதினொன்று நாற்பதுக்கு என் தாளில் முத்திரை விழுந்தது. மில்லில் எத்தனையோ டன் இரும்பு விழுந்து கேட்டிருக்கிறேன். அந்தச் சின்ன ‘டப்’ போல எதுவும் நெஞ்சை இளக்கியதில்லை. ஒரு வேலையும் இல்லாமல் நான்காம் மாடிவரை லிஃப்டில் போய் வந்தேன். அதில் மாட்டிக்கொண்டவன் என்று எழுத்தில் இருக்கிறது. ஒருமுறையாவது ஏற வேண்டாமா?

பிறகு போன் கார்டைச் சுரண்டி நம்பரை எடுத்து வீட்டுக்குப் பேசினேன். ஒன்று விடாமல் சொன்னேன். மனைவி சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை.

“அத்த வுடுங்க. மில்லு வாச்மேன் ஊட்டாண்ட வந்தாரு. கடசி நாளு மாலையும் கழுத்துமா மேனேஜர் காருல ஏறிக்கினு வந்துட்டீங்களாம், அவுட் டைம் போடலயாம். நோட்டுப்படி நீங்க இன்னும் உள்ளதான் கீறீங்களாம். எப்ப வெளிய வருவீங்கன்னு கேட்டுக்கினு போறாரு.”