காப்பி வாடையை விழுங்கிய சிரட்டைக் கரி

போடி மலையடிவாரத்துக்கு எப்படிப் போவது என்று சிலர் கேட்டு எழுதியிருக்கிறார்கள். யுத்தத்துக்கு முன்னால், ஒரு தை மாதத்தில் நான் போன வழியைச் சொல்கிறேன். போன காரணம் கௌரவமானது. சித்தப்பா மகள் பொன்னுத்தாயி அக்காளின் மகள் வேலுத்தாயைப் பெண் பார்க்க வருகிறார்கள். தாய்மாமன் முறைக்கு நான் உட்கார வேண்டும். அக்காளின் பணியாரத்தை நினைத்துப் போகவில்லை என்று சொன்னால் என் வயிறே சிரிக்கும்.

மதுரையில் காலை ரயில். மூன்றாம் வகுப்பு, ஒரு ரூபாய்க்குள். ஆண்டிபட்டிக் கணவாயில் இறங்கி நடந்தால் வண்டியை முந்திவிடலாம். கண்ணில் கரித்தூள் விழும். தேனி தாண்டியதும் மேற்கே மலை நீலமாக எழும்பி நிற்கும். தண்டவாளத்தை யுத்தத்துக்குப் பெயர்த்துக்கொண்டு போன பிறகு, அந்தக் கரித்தூளுக்குக்கூட மனம் ஏங்குகிறது. போடியிலிருந்து மாட்டு வண்டி. நாலு மைல், எட்டணா.

"குடிக்கத் தண்ணி கொண்டாந்தீகளா?" என்றார் வண்டிக்காரர்.

"போற வீட்டில் கிணறு இருக்கே."

"இருக்கு. அதான் கேட்டேன்."

அக்காள் கொடுத்த சொம்பை வாயருகே கொண்டுபோனதும் விளங்கியது. மேலே தோட்டங்களில் காப்பிப் பழத்தைத் தோலுரித்துக் கழுவும் காலம். அந்தக் கழுநீர் ஓடையில் இறங்கி, ஓடைக்கரைக் கிணற்றிலும் ஊறிவிடுகிறது. புளித்த பழத்தோல் வாடை!

"போன மாசம் தேவாரத்துல இருந்து பொண்ணு பாக்க வந்தாக. சொம்பை மோந்து பாத்துட்டுக் கீழ வச்சுட்டுப் போயிட்டாக" என்றாள் அக்காள். "நாளைக்கு மார்க்கையன்கோட்டைக்காரகளும் எந்திரிச்சுப் போனா, இங்கன பொண்ணெடுக்க எவன்டா வருவான்?"

வேலுத்தாய் சும்மா இருக்கவில்லை. தேங்காய்ச் சிரட்டைகளைப் பானையில் அடைத்து, வாயைக் களிமண்ணால் பூசி, அடுப்பேற்றிக் கரியாக்குவாள். ஆறவைத்து, ஓட்டைப் பானையில் மணலோடு அடுக்கித் தண்ணீரை வடிப்பாள். நிறம் தெளிந்தது; வாடை போகவில்லை. அன்றைக்கும் கரிப்பானை அடுப்பில் இருந்தது. ஆற ராத்திரியெல்லாம் ஆகும். நானோ பசியோடு வந்து நிற்கிறேன். அடுப்பு காலியாக வேண்டுமே! பானையை இறக்கி, வாய்ப்பூச்சை உடைத்து, தணலாகச் சிவந்த கரிமேல் தண்ணீர் தெளித்தாள். புஸ்ஸென்று ஆவி எழும்பியது. மறுபடி தெளித்தாள்.

சாயங்காலம் அதையே இடித்துக் கழுவி ஓட்டைப் பானையில் போட்டாள். முதலில் வடிந்த மைத் தண்ணீரை நான் அவசரப்பட்டுக் குடித்துவிட்டு, பல்லைக் காட்டாமல் அலைந்தது தனிக்கதை. அடுத்து வடிந்ததில் வாடையே இல்லை.

"சூட்டோட தண்ணி பட்டதாலயா மாமா?"

"பின்னே!" என்றேன். எனக்கென்ன தெரியும்?

மறுநாள் மாப்பிள்ளையின் தாயார் ஒரு மடக்குக் குடித்தார். புருவம் சுருங்கியது.

"இது இந்த ஊர்த் தண்ணி இல்லையே. எங்கன இருந்து கொண்டாந்தீக? தண்ணியிலயே ஏமாத்துனா மத்ததுல எப்படி?"

நான் உதவிக்குப் பாய்ந்தேன். "எங்க மதுரையில்கூட இப்படித் தண்ணீர் கிடையாதுங்க."

"பாத்தீகளா, மதுரையில இருந்து கொண்டாந்திருக்காக!"

வேலுத்தாய் பட்டுச்சேலையோடு எழுந்துபோய், எல்லார் கண்முன்னும் கிணற்றில் இறைத்து, பானையில் ஊற்றிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். சொட்டுச் சொட்டாக வடிந்தது. பெண் பார்க்க வந்தவர்கள் பானையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அந்த அம்மாள் வாளித் தண்ணீரை முகர்ந்தார்; வடிந்ததைக் குடித்தார். பிறகு பெண்ணின் கைகளைத் திருப்பிப் பார்த்தார். ரேகையெல்லாம் கரி.

"இந்தக் கையில மருதாணி பிடிக்குமா ஆத்தா?"

"நாலு தரம் கழுவுனாப் பிடிக்கும் அத்தை."

சம்பந்தம் முடிவாகாமல் பெண் வீட்டில் கை நனைக்காதவர்கள் எங்கள் பக்கத்து மனிதர்கள். அந்த அம்மாள் அக்காளைப் பார்த்து, "இலையைப் போடச் சொல்லுங்க" என்றார்.

இப்போது போகிறவர்களுக்கு, ரயிலும் பெட்ரோலும் இல்லாததால், கரிவாயு பஸ்தான். ஏற்றத்தில் இறங்கித் தள்ளச் சொல்வார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொள்ளுங்கள். தை, மாசியில் போனால் போடியிலேயே தண்ணீர் நிரப்பிக்கொள்ளுங்கள். அக்காள் வீட்டில் பானை இருக்கிறது, சிரட்டையும் இருக்கிறது. "எந்தச் செவப்புல தெளிக்கணும்னு அவ கைக்குத்தான்டா தெரியும்" என்கிறாள். அந்தக் கை மார்க்கையன்கோட்டையில் இருக்கிறது. அதனால் தண்ணீர் கேட்டால் மோர்தான் வரும். கொடுக்கும்போது அக்காள் முகத்தில் துளி வருத்தம் இருக்காது.