கேமராவைப் பார்த்துச் சிரித்தவர்

தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் கஷ்டத்தை உள்ளபடியே படமெடுக்க, லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றுக்குக் கொழும்பிலிருந்து ஒரு சிங்கள இயக்குநர் வந்திருந்தார். நடிகர்கள் வேண்டாம், கொழுந்து பறிப்பவர்களே போதும் என்றார். நான் அவருடைய மொழிபெயர்ப்பாளன்.

அவர் தேர்ந்தெடுத்த அம்மா ஒல்லியானவர். பேசுமுன் கறையேறிய விரல்களை முந்தானையில் துடைத்துக்கொள்வார். படப்பிடிப்பன்று கல்யாணப் பட்டுடுத்தி, பவுடர் பூசி வந்து நின்றார். இயக்குநர் தலையில் கைவைத்துக்கொண்டார். இடுப்பில் வேலைச் சாக்கைக் கட்ட வேண்டும், கேமராவைப் பார்க்கக் கூடாது என்றார். அதை நான் தமிழில் சொன்னேன்.

"இந்தப் படம் இந்தியாவுல ஓடுமாங்க?"

"ஓடலாம்மா."

"எம் மக புருஷனோட கப்பலேறிப் போயிட்டாளுங்க. ஆத்தா சாக்கோட நிக்கிறதப் பாத்தா அவளுக்குச் சோறு எறங்குமா? பட்டே இருக்கட்டுங்க."

"சரிம்மா, கேமராவையாவது பார்க்காதீங்க."

"அதப் பாக்காம மகள எப்படிங்க பாக்குறது?"

விரல்களைப் பட்டில் துடைக்கப் போனவர், சட்டென நிறுத்திக்கொண்டு, கேமராவை நேராகப் பார்த்துச் சிரித்தார். இயக்குநர் வேண்டாவெறுப்பாக ஒருமுறை எடுத்தார்.

படம் பதுளைத் தியேட்டருக்கு வந்தது. ஒழுகும் கூரை, அணைந்த அடுப்பு, விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு எல்லாம் இருந்தன. "அப்படியே நம்ம லயம்" என்று பக்கத்தில் யாரோ விசும்பினார்கள். விளக்கைப் போட்ட பிறகும் நான் எழுந்திருக்கவில்லை. அந்தப் பட்டுச்சேலை இன்னும் வரவில்லையே.