அம்மாவுக்கு எடுக்கப் போன பட்டு

என் அம்மா வேலம்மாளுக்கு வாய் அதிகம். நாகலூர் எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கிற பெண்களில், எடைக் கணக்கு எழுதும் ரைட்டரை எதிர்த்துப் பேசுகிற ஒரே ஆள் அவள்தான். எடை போடும்போது அவர் கூடையின் அடியில் லேசாகக் கை கொடுத்தால் போதும், பிடித்துக்கொள்வாள். "ஏனுங்க, மேட்டுல இருந்து நானே தூக்கிட்டு வந்துட்டேன். நிறுக்கறப்ப நீங்க எதுக்குங்க தாங்கறீங்க?"

அப்படிப்பட்டவள் ஒரே ஓர் இடத்தில்தான் வாயடைத்துப் போனாள். அதற்குக் காரணம் நான். நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

சேலத்தில் ஆடிட்டர் ஆபீஸில் எனக்கு வேலை. போன தை மாதம் கல்யாணம். அம்மா அதுவரை பட்டு உடுத்தியதே இல்லை. "உங்கல்யாணத்துக்கு நீ சம்பாரிச்சு எனக்கொரு பட்டு எடுத்துக் குடு கண்ணு. கட்டிக்கிட்டு உம்பக்கத்துல நிக்கோணும்" என்று நான் பத்தாவது படிக்கும்போதே சொல்லிவைத்திருந்தாள். கத்தரிப்பூ நிறம் என்பதுகூட அப்போதே முடிவாகிவிட்டது.

மார்கழியில், பறிப்பு மும்முரமாக நடக்கும்போது, ஒரு நாள் லீவு போட்டு வந்தாள். எலுமிச்சம்பழம் தேய்த்தும் விரல்களில் காப்பிக் கறை போகவில்லை. பெரிய பட்டுக்கடை ஒன்றுக்குக் கூட்டிப்போனேன். கண்ணாடிக் கதவுக்கு வெளியிலேயே செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். எஸ்டேட் பங்களா வாசலில் வந்த பழக்கம். "போட்டுட்டே வாம்மா" என்று நான் சொல்வதற்குள் வெறுங்காலோடு உள்ளே போய்விட்டாள்.

எனக்கு நாற்காலியும் ஜூஸும் வந்தன. நான் புடவைகளை எடுத்துப் போடச் சொன்னேன். கத்தரிப்பூ நிறத்தில் ஒன்று விழுந்ததும் அம்மா ஆசையாகக் கை நீட்டினாள். விற்பனைப் பெண் அந்த விரல்களைப் பார்த்தாள். காலைப் பார்த்தாள். புடவையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"மேடம், உங்க வீட்டு வேலைக்காரம்மாவைக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்க. அழுக்காயிடும்."

சுற்றி இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். 'இது எங்கம்மா.' இரண்டே வார்த்தை. எனக்கு வரவில்லை. ஜரிகையைப் பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டேன்.

அம்மா ஒரு கணம் என்னையே பார்த்தாள். பிறகு, "ஆமாங்க, பை தூக்கறதுக்கு வந்தனுங்க" என்று சொல்லிவிட்டுச் சுவரோரம் போய் நின்றாள்.

பாவி நான்! அதற்கப்புறம் அந்தப் பட்டை அவள் தோளில் எப்படிப் போட்டுப் பார்ப்பது? எனக்கு மட்டும் ஒன்று எடுத்தேன். பையை அவள்தான் தூக்கி வந்தாள்.

பஸ்ஸில் அழுதேன். "உடு கண்ணு, அந்தப் புள்ளைக்கு என்ன தெரியும்" என்றாள். கடைப் பெண்ணைத்தான் சொன்னாள். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலாம்.

கல்யாணத்தில் பழைய பச்சைச் சேலையோடு இருந்தாள். தாலி கட்டும்போது வந்து பின்னால் நின்றாள், முடிந்ததும் சமையற்கட்டுக்குப் போய்விட்டாள். போட்டோவுக்கு ஆள் விட்டால், "பந்தியில பரிமாற ஆளில்ல சாமி, நீங்க எடுத்துக்குங்க" என்று பதில் வந்தது. அப்பா தனியாக வந்து நின்றார். தாமதமாக வந்த மாப்பிள்ளை வீட்டு உறவுக்காரர் ஒருவர் அம்மாவை விரல் சொடுக்கித் தண்ணீர் கேட்டார். கொண்டுபோய்க் கொடுத்தாள். மேடையிலிருந்து நான் பார்த்தேன். ஆல்பத்தில் ஒரு படத்தில்கூட அவள் முகம் முழுதாக இல்லை.

மனசு கேட்கவில்லை. சித்திரையில் அதே நிறத்தில் ஒரு பட்டு எடுத்துக்கொண்டு நாகலூர் போனேன். அம்மா கையை முந்தானையில் இரண்டு முறை துடைத்துவிட்டு வாங்கினாள். கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். அப்புறம் மடிப்புக் கலையாமல் தகரப் பெட்டிக்குள் வைத்தாள்.

"இப்பவே கட்டும்மா. ரெண்டு பேரும் டவுனுக்குப் போய்ப் போட்டோ எடுத்துக்கலாம்."

"நொம்ப நல்லா இருக்குது கண்ணு" என்றபடி பெட்டியை மூடினாள். "ஆனா இதக் கட்டிக்கிட்டு உங்கூட வந்தா, இது யாருன்னு கேப்பாங்களே. நீ என்ன சொல்லுவ?"

குத்திக்காட்டக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.