அக்காவின் கதைக்கு இன்னும் ஓர் ‘உம்’

மதியத் தூக்கம் கலைந்ததும், என் மூன்று வயது மகள் அக்காவின் அறையில் தனியாக உட்கார்ந்து யாருக்கு ‘உம்’ கொட்டிவந்தாள்? அக்கா மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளிலும் எனக்கு விடை தெரியவில்லை.

அக்கா காங்கேயத்தில் பிறந்தவர். அப்பா இளம் வயதிலேயே காலமாகிவிட, கொப்பரைக் களத்தில் தேங்காய்ப் பருப்பு உலர்த்தும் வேலை செய்துகொண்டே கல்லூரிப் படிப்பை முடித்தார்; என்னையும் படிக்க வைத்தார். பிறகு பெரியநாயக்கன்பாளையத்தில், எங்கள் வீட்டு முன்னறையில், பட்டறைத் தொழிலாளர் பிள்ளைகளுக்கு ஆங்கில டியூஷன் தொடங்கினார்.

இலக்கணத்தை அவர் கதையாகவே சொன்னார். ஊர் ஊராகப் போய்க் கதவு தட்டும் ஒரு பெண்ணின் கதை. நேற்றுத் தட்டினாள், இன்று தட்டுகிறாள், நாளை தட்டுவாள் என்று காலங்கள் எல்லாம் அவளோடு நடக்கும். வாக்கியம் சரியென்றால் பிள்ளைகள் ‘உம்’ கொட்ட வேண்டும். அக்கா வேண்டுமென்றே தவறாகச் சொன்னால் வாய் திறக்கக் கூடாது. யாராவது திருத்திச் சொல்லும்வரை கதை நகராது. அக்காவும் அசையாமல் காத்திருப்பார்.

“ஏனுங் மிஸ், எந்த ஊட்லயாச்சும் கதவத் தொறந்தாங்களா?”

“தொறந்துபோட்டா நாளைக்கு நீ டியூஷனுக்கு வருவியா கண்ணு?”

எந்த வகுப்புக்கும் அவர் கதையை முடித்ததில்லை.

கடைசி நாட்களில் தொண்டை நோய் அவர் குரலை எடுத்துக்கொண்டது. உதடுகள் மட்டும் அசையும். அப்போது பேச்சே சரியாக வராத என் மகள் கட்டிலருகே நின்று ‘உம்’ கொட்டுவாள். “பெரிம்மாளுக்குக் கடைசி ஸ்டூடண்ட் நீதானாட்ட இருக்குது” என்று அம்மா சிரிப்பார். நானும் சிரித்தேன்.

இப்போது கட்டில் காலி. அதே ‘உம்’ மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. “கொழந்த வெளையாட்டு, உடு” என்கிறார் என் கணவர். அம்மாவோ, “இருக்கட்டும் உடு அம்மணி. உங்கக்கா கதைய முடிச்சுப்போட்டுப் போகட்டும்” என்கிறார். எனக்கு இரண்டும் ஆறுதலாக இல்லை.

சென்ற வாரம் ‘உம்’ பாதியில் நின்றது. எட்டிப் பார்த்தேன். மகள் கட்டிலைப் பார்த்தபடி வாயை இறுக மூடியிருந்தாள்.

“ஏன் கண்ணு, சும்மா உக்காந்திருக்கே?”

“பெரிம்மா தப்பாச் சொல்லிப்போட்டாங்க. நீ சரியாச் சொல்லும்மா.”

“என்ன சொன்னாங்க?”

“அந்தப் பொண்ணு நம்மூட்டுக்கு வர மாட்டாளாமா.”

அன்று முதல் அறையில் ‘உம்’ கேட்கவில்லை. மகள் போய் உட்காருகிறாள், காத்திருக்கிறாள்.

அக்காவை முறைவைத்து மருத்துவமனைக்கு அழைத்துச் சென்ற பழைய மாணவர்களையும், எங்களுக்குச் சோறாக்கிக் கொடுத்த பக்கத்து வீட்டாரையும் நன்றியோடு வணங்குகிறோம். உங்களிடமே ஒன்று கேட்கிறேன். கதையின் முடிவை அக்கா உங்களில் யாருக்காவது சொன்னாரா? அறையைப் பூட்டிவிடலாம் என்றால், திருத்துவாரில்லாமல் அக்கா உள்ளே அசையாமல் காத்திருப்பாரே என்று மனம் கேட்கவில்லை. திருத்துவதென்றால், ‘அந்தப் பெண் நம் வீட்டுக்கு வருவாள்’ என்று என் வாயாலேயே அவளை அழைக்க வேண்டும். சொல்லலாமா? பெரியவர்கள் யோசித்துச் சொல்லுங்கள்.